ஒரு நாள் விட்டு ஒரு நாள்

நம் வயதில் வயிற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் அது செரிமானத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். ராத்திரிக்கு இட்லியா கஞ்சியா, புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, காலையில் சிரமமில்லாமல் போனதா. நான் வயிற்றுத் தசையைப் பற்றிப் பேசப் போகிறேன். அறுபத்திரண்டு வயதில் இவளுக்கு என்ன ஆசை என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. இப்போதெல்லாம் எதற்குமே அலுப்பாகத்தான் இருக்கிறது.

முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு புரட்டியதில் என் இடுப்பு போய்விட்டது. உங்களில் பாதிப் பேருக்கும் போயிருக்கும். தஞ்சாவூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் என்னைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.

“முதுகுல பெரிசா ஒண்ணும் இல்லம்மா. வயித்துலதான் பலமே இல்ல. முன்னால தாங்க வேண்டியது தாங்கலன்னா பின்னால வலிக்கத்தானே செய்யும்?” என்றாள்.

பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் லேசாகத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, இறக்க வேண்டும். பத்து தடவை. தினமும் செய்ய வேண்டுமா என்று கேட்டேன்.

“தினம் வேண்டாம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். விடற அன்னிக்குத்தான் தசையே கட்டும்.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். நான் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தேன். இதே சொற்களை என் பத்தாவது வயதில், எங்கள் வீட்டுக் கூடத்தில், காபி டம்ளரும் கையுமாக ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் காதில் வாங்கியவர்கள் நாலு பேர். அதன்படி நடந்தவர்கள் யாருமில்லை.

சொன்னவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். சொன்னது என் சித்தப்பாவுக்காக.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவரை வளர்த்தார். போலீஸ் செலெக்‌ஷனுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் கயிற்றில் தோற்றுத் திரும்பியவர். ஓட்டத்தில் அவரை யாரும் பிடிக்க முடியாது. நீளம் தாண்டுவதிலும் குறையில்லை. கயிறு ஏறச் சொன்னால் மட்டும் பாதி உயரத்தில் கால் மேலே வராமல் தொங்குவார். அப்புறம் உள்ளங்கை எரிய வழுக்கி இறங்குவார். வருகிற மாசியில் மூன்றாவது முறை. அதோடு வயது வரம்பு முடிகிறது.

எங்களுடையது குத்தகை நிலம். அதில் ஒரு குடும்பம் சாப்பிடலாம், இரண்டு குடும்பம் சாப்பிட முடியாது. அப்பா இதை வாயால் சொன்னதே இல்லை. ஆனால் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் “மாசி போகட்டும்” என்பார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் எல்லாமே மாசிக்குக் காத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் டிரில் வாத்தியார் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தார். அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். சித்தப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தார்.

“கையில பலம் இருக்குங்க. வயித்துல இல்ல. கயித்துல கால மேல இழுக்கறது வயிறுதான். படுத்துக்கிட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. காலை யாராவது அமுக்கிக்கணும். ஆனா தினம் பண்ணக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். விடற நாள்லதான் சதை கட்டும்.”

அப்பா பயபக்தியோடு தலையாட்டினார். குடை கொடுத்து வழியனுப்பினார். சைக்கிள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் திரும்பினார்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா மாசிக்குள்ள பாதி நாள்தான ஆகுது? பாதி பண்ணினா பாதிக் கயிறுதான் ஏறுவான். அதான் இப்பவே ஏறுறானே.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது, தினமும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். காலை அமுக்கிப் பிடித்து எண்ணும் வேலை எனக்கு.

கூடத்துக்கு அடுத்த அறையில் பத்தாயம் இருந்தது. நெல் கொட்டி வைக்கிற அந்த ஆளுயர மரப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் போடுகிற அளவு இடம். பூச்சி மருந்தும் பழைய நெல்லும் கலந்த வாசனை. சித்தப்பா அங்கே கோரைப் பாயை இரண்டாக மடித்துப் போட்டுப் படுப்பார். அவர் பாதங்களின் மேல் நான் உட்காருவேன். நான் நோஞ்சான். அவர் எழும்போது நானும் சேர்ந்து தூக்கப்பட்டு, பொத்தென்று விழுவேன். அதனால் அப்பா ஒரு மரக்கால் நிறைய நெல் அளந்து என் மடியில் வைத்தார். அந்த மரக்காலின் இரும்புப் பட்டை தொடையில் அழுத்திய குளிர்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது. மரக்கால் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டைப் பிரித்துக் கட்டியபோது யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டோம்.

முதல் சில வாரங்கள் அது எனக்கு விளையாட்டாக இருந்தது. சித்தப்பா எழும் ஒவ்வொரு தடவையும் என் முகத்துக்கு நேரே ஒரு சேட்டை செய்வார். கண்ணைச் சொருகுவார், நாக்கைத் துருத்துவார், எங்கள் கணக்கு டீச்சரைப் போல உதட்டைச் சுழிப்பார். நான் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிடுவேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம். பத்து எழுந்தால் கரிக்கட்டியால் சுவரில் ஒரு கோடு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அப்பா வந்து கோடுகளை எண்ணிப் பார்ப்பார்.

அம்மா தினமும் சித்தப்பாவுக்கு மட்டும் இரண்டு முட்டை அவித்துக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அப்போது முட்டை கிடையாது. மஞ்சள் கரு தனக்குப் பிடிக்காது என்று சித்தப்பா அதை எனக்குக் கொடுத்துவிடுவார். நானும் அதை நம்பித் தின்றேன். என் கல்யாணமெல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து, ஒரு ஓட்டலில் அவர் முட்டையைப் பிட்டு மஞ்சள் கருவை முதலில் வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

மார்கழியில் சேட்டைகள் நின்றன. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு எழ ஆரம்பித்தார். மூச்சு என் முகத்தில் அடிக்கும். வேப்பங்குச்சியின் கசப்பு வாசனை. ஒருநாள் சாயங்காலம் இருபதில் நிறுத்திவிட்டு மல்லாந்து கிடந்தார்.

“உங்கப்பா பயிருக்குக்கூட ஒரு நாள் தண்ணி விட்டா ஒரு நாள் காய விடுறாரு பாப்பா. என் வயிறு அதவிடக் கேவலமா?”

அது உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருந்தால்தான் பயிர் வேர் பிடிக்கும் என்று அப்பா எல்லோருக்கும் சொல்வார். வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மடையைத் திறந்து வடிய விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சித்தப்பா சொன்னது எனக்கு நல்ல வேடிக்கையாகப் பட்டது. அன்றே அப்பாவிடம் போய் ஒப்பித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. “பயிருக்கு வயசு வரம்பு கிடையாது. போய்ச் சொல்லு” என்றார்.

போய்ச் சொன்னேன். சித்தப்பா மீதி முப்பதையும் முடித்தார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு அது வந்தது. காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக அவர் வயிற்றில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்தபோது தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு தெரிந்தது. சின்ன எலுமிச்சங்காய் அளவு. படுத்ததும் உள்ளே போய்விட்டது. மறுபடி எழுந்தார், மறுபடி வந்தது.

“சித்தப்பா, தசை!” என்று கத்தினேன்.

அவரும் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எங்களுக்கு என்ன தெரியும்? வயிற்றில் தசை வந்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. உழைக்கிறவர்களுக்கு வயிறு ஒட்டியிருக்கும், மற்றவர்களுக்குத் தொந்தி இருக்கும். இரண்டும் இல்லாத ஒன்று வந்தால் அது தசையாகத்தானே இருக்க வேண்டும்?

அப்பா வந்து பார்த்தார். இரண்டு மூன்று முறை எழுந்து படுக்கச் சொன்னார். “தினம் பண்ணினா வருதா இல்லியா?” என்றார் யாரிடமோ ஜெயித்த குரலில். அம்மா மட்டும் கதவருகே நின்று யோசித்தாள்.

“ஏங்க, ஒரே இடத்துல மட்டுமா வரும்? ரெண்டு பக்கமும்ல வரணும்?”

“ஒண்ணொண்ணாத்தான் வரும். எல்லாம் ஒரே நாள்ல வந்துடுமா?”

அன்றைக்கு அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் வந்து பத்தாயத்துக்குப் பக்கத்தில் நின்று சித்தப்பாவின் தசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்து, “மெத்துன்னுதான் இருக்கு, இனிமே இறுகும்” என்றார். இதை நினைத்து நான் பிற்காலத்தில் தனியாகச் சிரித்திருக்கிறேன். பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தபோது, அந்தக் கரிக்கோட்டுச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னார் அப்பா.

பொங்கல் முடிந்து அறுப்பு. அந்த வருஷம் ஆள் கிடைப்பது சிரமமாக இருந்தது. சித்தப்பா வயலிலிருந்து களத்துக்குக் கட்டு சுமந்தார், களத்திலிருந்து வீட்டுக்கு மூட்டை சுமந்தார். தூசும் சுணையும் உடம்பெல்லாம் அப்பி, கண் சிவந்து, இருட்டுகிற நேரத்தில் வாய்க்காலில் முங்கிவிட்டு வருவார். வந்ததும் பாய் காத்திருக்கும். அறுப்பு முடிகிற வரைக்குமாவது விட்டுவிடக் கூடாதா என்று அம்மா கேட்டாள். “அது வேலை, இது பயிற்சி” என்றார் அப்பா. நாள் முழுக்க மூட்டை தூக்கியதையும் அந்த வயிறுதான் தூக்கியது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வேலையை யாரும் உடம்பில் சேர்த்துக் கணக்கிடுவதில்லை.

அப்படி ஒரு சாயங்காலம். முப்பத்திரண்டாவது தடவை பாதி எழுந்து, எழ முடியாமல் பாயில் சாய்ந்தார். வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“இன்னிக்கு விட்டுடு பாப்பா. அப்பா கேட்டா அம்பதுன்னு சொல்லிடு.”

“முப்பத்தொண்ணுதான் ஆச்சு சித்தப்பா.”

“எனக்குத் தெரியும். நீ அம்பதுன்னு சொல்லு. ரெண்டு கோடு சேத்துப் போட்டுடு.”

“பொய் சொல்லக் கூடாதுல்ல?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ரொம்பக் களைத்த பார்வை. அந்தப் பார்வையை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. இப்போது கண்ணாடியில் அடிக்கடி பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு முப்பத்திரண்டிலிருந்து ஐம்பது வரை எழுந்தார். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

முடிந்ததும் சொன்னார். “இங்க வலிக்குது பாப்பா. இழுத்துப் பிடிக்குது. அப்பாகிட்ட சொல்லிடாத. பாவம், ஏற்கெனவே தூங்காமக் கெடக்குறாரு. மாசி வரைக்கும்தான.”

சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் என்னிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறார் என்ற பெருமையில் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாரே ஒருநாள் கூப்பிட்டு, “சித்தப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு? ஒரு நாள் விட்டுத்தான பண்றாரு?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றேன். பொய் சொல்லக் கூடாது என்ற அதே வாய்.

மாசியில் செலெக்‌ஷனுக்கு அப்பா என்னையும் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். நான்தான் எண்ணியவள் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டென்று நினைத்திருப்பார். மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. மதில் ஓரமாக ஒரு கல்லின் மேல் அப்பா என்னை ஏற்றி நிறுத்தினார். தூரத்தில் கயிறுகள் தொங்கின. சித்தப்பாவின் பழுப்பு டவுசரை வைத்து அவரை அடையாளம் கண்டுபிடித்தோம்.

ஏறினார். பாதியில் நின்றார். அப்பாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. அப்புறம் கால் மேலே போனது. இன்னொரு பிடி. இன்னொரு பிடி. மேலே கட்டியிருந்த துணியைத் தொட்டுவிட்டார்.

அப்பா சத்தமில்லாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா ஜன்னல் சீட்டில் சாய்ந்து, வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்துப் பழையபடி நாக்கைக்கூடத் துருத்தினார்.

கொஞ்ச நாள் கழித்து மருத்துவப் பரிசோதனைக்கு அவர் மட்டும் தனியாகப் போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். கால் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் தூணோரம் உட்கார்ந்தார். அப்பா வயலுக்குக் கிளம்பியவர் நின்றார்.

“என்னடா ஆச்சு?”

“டாக்டர் இருமச் சொன்னாரு. இருமினேன். கைய வச்சுப் பாத்துட்டு, இது எத்தன மாசமா இருக்குன்னு கேட்டாரு. தசைங்க சார்னு சொன்னேன். அவரு சிரிக்கல அண்ணே. குடல் பிதுங்கியிருக்குங்கறாரு. ஆபரேஷன் பண்ணணுமாம். இத வச்சுக்கிட்டு வேலைக்கு எடுக்க மாட்டாங்களாம்.”

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். அப்பா தோளிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“வலிச்சுதா?”

“ம்.”

“எப்பலேர்ந்து?”

“அறுப்புலேர்ந்து.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

நான் பத்தாய அறையின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பாப்பாவுக்குத் தெரியுமே என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்து கதவோடு ஒட்டிக்கொண்டேன். சித்தப்பா நான் நின்ற பக்கமே திரும்பவில்லை.

“சொல்லத் தோணல அண்ணே. யார்கிட்டயும் சொல்லல” என்றார்.

ஆபரேஷன் நடந்தது, புண் ஆறியது. அடுத்த செலெக்‌ஷனுக்கு வயது தாண்டிவிட்டது. பேராவூரணிப் பக்கம் அம்மாவின் உறவுக்காரர் ஒருவருடைய தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போனார். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். கயிறும் வேண்டாம், மரமும் வேண்டாம், கீழே நின்று மேற்பார்வை. அடுத்த பொங்கலுக்கு அந்தச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தோம். கரி லேசில் மறையவில்லை. இரண்டாவது பூச்சை அப்பாவே அடித்தார். தான் செய்தது தப்பு என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் காய்ச்சல், பாய்ச்சல் என்று அவர் பேசி நான் கேட்டதுமில்லை.

அப்பாமீது எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. பயந்துபோன மனிதர், ஓய்வு என்பது அவருக்கு நழுவிப்போகும் நாளாகத் தெரிந்தது. என்மீதுதான் கோபம் ஆறவில்லை. சொல்லாமல் விட்டிருக்க வேண்டிய எண்ணிக்கையை ஒன்று விடாமல் சொன்னேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டிய வலியை மறைத்தேன். பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பலிப்பதில்லை.

அந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். “அந்த இடம் முன்னாடியே பலவீனமா இருந்திருக்கும்மா. ஒருத்தரால மட்டும் வந்ததுன்னு சொல்ல முடியாது” என்றாள். நல்ல பெண்.

போன வாரம் சித்தப்பா வந்திருந்தார். எனக்கு இடுப்பு சரியில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுபத்தாறு வயதில் பேராவூரணியிலிருந்து பஸ் பிடித்து, பையில் நாலு தேங்காயோடு வந்து நின்றார். அன்று எனக்குப் பயிற்சி நாள். வேண்டாமென்று இருந்தது. இருந்தாலும் தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் காலடியில் உட்கார்ந்து, குனிந்து, என் இரண்டு பாதங்களின் மேலும் கையை வைத்துக்கொண்டார். பிடிக்கத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கை சூடாக இருந்தது.

“ஒண்ணு” என்று ஆரம்பித்தார்.

ஆறாவது தடவையில் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. அப்படியே கிடந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு விட்டுடு பாப்பா” என்றார் சித்தப்பா.

“அஞ்சுதான் ஆச்சு சித்தப்பா.”

“எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கேட்டா நான் சொல்லிக்கிறேன், பத்துன்னு.”

நான் எழுந்திருக்கவில்லை. அவர் என் காலிலிருந்து கையை எடுக்கவுமில்லை.